கேள்வியிலிருந்தே கூட்டு: மக்களோடு சேர்ந்து பொதுச் சுகாதார ஆய்வு செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

ஆய்வுக்காக ஒரு குடியிருப்புக்குப் போய் வாசலில் நின்றால், கேள்வித்தாளை எடுப்பதற்கு முன்பே சில சமயம் இப்படிக் கேட்பார்கள்: "போன தடவை வந்தவங்க எழுதிட்டுப் போனாங்களே, அது என்ன ஆச்சு?" பதில் சொல்ல முடியாமல் நின்றிருக்கிறேன். போன தடவை போனது நான் இல்லை. ஆனால் அந்த வீட்டுக்காரரின் கண்ணில் நானும் அவர்களில் ஒருவர்தான். அவர் நேரம் கொடுத்திருக்கிறார், ரத்தம் கொடுத்திருக்கிறார், வெளியே சொல்லாத வீட்டு விஷயங்களைச் சொல்லியிருக்கிறார். பதிலுக்கு ஒரு தாள்கூட அவர் கைக்குத் திரும்பி வரவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் நிலையில் ஆய்வாளர் இருக்க வேண்டும் என்றால், ஆய்வைத் தொடக்கத்திலிருந்தே வேறு மாதிரி அமைக்க வேண்டும். எப்படி என்பதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். முதல் கள ஆய்வுக்குத் தயாராகும் மாணவருக்கும், சுகாதாரத் துறையில் இருப்பவருக்கும், ஆய்வாளர்களோடு பேச வேண்டிய நிலையில் இருக்கும் மக்கள் அமைப்புகளுக்கும் இது உதவும். என் அனுபவத்தில், ஓர் ஆய்வு கூட்டு முயற்சியா இல்லையா என்பது நிதிக்கு விண்ணப்பம் போகும் முன்பே முடிவாகிவிடுகிறது. ஆய்வுக் கேள்வி, பணம், தரவு ஆகிய மூன்றிலும் "இது வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரம் மக்களுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது கூட்டு. இல்லையென்றால், எத்தனை கூட்டம் நடத்தினாலும் மக்கள் வெறும் தகவல் தருபவர்கள்தான்.

முதல் படி: பழைய கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

போகும் இடத்தில் இதற்கு முன் யார் யார் ஆய்வு செய்தார்கள், என்ன எடுத்துப் போனார்கள், என்ன திருப்பிக் கொடுத்தார்கள் என்று விசாரியுங்கள். கட்டுரைகளைப் படித்தால் மட்டும் போதாது, ஆட்களிடம் கேட்க வேண்டும். மக்களிடம் அவநம்பிக்கை இருந்தால், பெரும்பாலும் அதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கும்.

அமெரிக்காவின் டஸ்கீகி ஆய்வு எல்லோரும் மேற்கோள் காட்டும் உதாரணம். அலபாமா மாநிலத்தில் 1932-இல் தொடங்கி 1972 வரை, 40 ஆண்டுகள் நடந்தது. நடத்தியது அந்நாட்டு அரசின் பொதுச் சுகாதாரச் சேவை. கிட்டத்தட்ட 600 கறுப்பின ஆண்கள் அதில் இருந்தார்கள், அவர்களில் 399 பேருக்கு சிஃபிலிஸ் என்ற பாலியல் நோய். அவர்களிடம் நோயின் பெயரைக்கூடச் சொல்லாமல் "கெட்ட ரத்தம்" என்றார்கள். 1940-களில் பெனிசிலின் முறையான சிகிச்சையாக வந்த பிறகும் அதைக் கொடுக்கவில்லை. நோய் தன் போக்கில் என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் ஆய்வின் நோக்கம்.

இந்தக் கதையில் நாம் கவனிக்காமல் கடந்துவிடும் ஒரு விஷயம் உண்டு. அந்த ஆண்களைக் கார் வைத்து அழைத்து வந்தவர், குடும்பங்களோடு பழகி ஆய்வில் தொடர வைத்தவர், யூனிஸ் ரிவர்ஸ் என்ற கறுப்பினச் செவிலியர். அதே பகுதியில் பணிபுரிந்தவர், மக்கள் நம்பியவர். ஆக, "எங்கள் குழுவில் உள்ளூர் ஆள் இருக்கிறார்" என்பது எதற்கும் உத்தரவாதம் ஆகாது. அவருக்கு ஆய்வின் போக்கை மாற்றும் அதிகாரம் இல்லையென்றால், அவர் மீது மக்கள் வைத்திருக்கும் நம்பிக்கையே அவர்களுக்கு எதிராகப் பயன்பட்டுவிடும். நம் திட்டங்களில் களப்பணியாளர்களை எந்த இடத்தில் வைத்திருக்கிறோம் என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டாம் படி: "சமூகம்" என்றால் யார் என்று கேளுங்கள்

ஒரு தலைவரைச் சந்தித்து, அவர் தலையசைத்தால் சமூகத்தின் சம்மதம் கிடைத்துவிட்டது என்று எழுதும் பழக்கம் இருக்கிறது. வேலை சுலபமாகிவிடும் என்பதால்தான் இது நீடிக்கிறது. தலைவர்களைச் சந்திக்கத்தான் வேண்டும். ஆனால் எந்த நோயைப் பற்றி ஆய்வு செய்கிறோமோ அதன் சுமை பெரும்பாலும் தலைவர் வீட்டில் இருக்காது.

நான் கடைப்பிடிக்கும் வழி இதுதான். ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும் வராதவர்களின் பட்டியலை எழுதுவேன். கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், இரவு வேலைக்குப் போகிறவர்கள், வாடகைக்கு வந்து சில மாதங்களே ஆனவர்கள், நடக்க முடியாதவர்கள், காது கேளாதவர்கள், அந்த இடத்தின் பெரும்பான்மை மொழி பேசாதவர்கள். அப்புறம், வந்தும் வாய் திறக்காதவர்கள். அடுத்த கூட்டத்தின் நேரத்தையும் இடத்தையும் இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். காலை 11 மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, "உழைக்கும் மக்கள் ஆர்வம் காட்டவில்லை" என்று அறிக்கை எழுதுவது நியாயம் இல்லை.

சமூகத்துக்குள்ளேயே முரண்பாடு இருக்கும். ஒரு பிரிவினர் கேட்பதை இன்னொரு பிரிவினர் எதிர்ப்பார்கள். மறைக்காதீர்கள். ஆலோசனைக் குழு அமைக்கும்போது நோயின் சுமை அதிகம் உள்ளவர்களுக்குப் பாதிக்கு மேல் இடம் கொடுங்கள். தனியாகப் பேச விரும்புகிறவர்களுக்குத் தனிச் சந்திப்பு வையுங்கள்.

மூன்றாம் படி: கேள்வியைச் சேர்ந்து எழுதுங்கள்

இந்தப் படிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் கொடுங்கள். மூன்று மாதமாவது வேண்டும், ஆறு மாதம் கிடைத்தால் இன்னும் நல்லது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஃபிளிண்ட் நகரத்தில் நடந்ததைப் பாருங்கள். 2014 ஏப்ரலில் செலவைக் குறைப்பதற்காக நகரத்தின் குடிநீரை ஃபிளிண்ட் ஆற்றுக்கு மாற்றினார்கள். அரிப்பைத் தடுக்கும் மருந்து சேர்க்கப்படாததால் பழைய குழாய்களிலிருந்து ஈயம் நீரில் கரைந்தது. நீரின் நிறமும் வாடையும் சரியில்லை, பிள்ளைகளுக்குத் தோலில் தடிப்பு வருகிறது என்று மக்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அதிகாரிகள் நீர் பாதுகாப்பானது என்றார்கள். லீஆன் வால்டர்ஸ் என்ற தாய் விடவில்லை. தானே படித்து, விசாரித்து, வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸைத் தொடர்புகொண்டார். வால்டர்ஸ் வீட்டு நீரில் எடுத்த ஒரு மாதிரியில் ஈயம் நூறு கோடிக்கு 13,000 பங்குக்கு மேல் இருந்தது. அரசு நடவடிக்கை எடுக்க வேண்டிய அளவே அப்போது 15 பங்குதான்.

2015-இல் பல்கலைக்கழகம் 300 மாதிரிப் பெட்டிகளை அனுப்பியது. அவற்றை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தவர்களும், எப்படி நீர் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவர்களும், திரும்பச் சேகரித்தவர்களும் அந்த நகரத்து மக்களே. 250-க்கு மேற்பட்ட பெட்டிகள் திரும்பி வந்தன. அஞ்சலில் அனுப்பிய எந்த சர்வேக்கும் அவ்வளவு பதில் வருவது அபூர்வம். அதே ஆண்டு செப்டம்பரில் மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா, குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கூடியிருப்பதை வெளியிட்டார். அக்டோபரில் நகரம் பழைய நீராதாரத்துக்குத் திரும்பியது.

அங்கே கேள்வி மக்களுடையது. அதனால்தான் நீர் பிடிக்கும் முறையில் அவ்வளவு கவனம் எடுத்தார்கள். தன் பிள்ளை குடிக்கும் நீரைப் பற்றிய சோதனையில் யாரும் அலட்சியமாக இருக்க மாட்டார்கள்.

உங்கள் ஆய்வில் இதை எப்படிக் கொண்டுவருவது? முதல் இரண்டு மூன்று சந்திப்புகளில் உங்கள் தலைப்பைப் பேசாதீர்கள். "இங்கே உடம்புக்கு என்ன தொந்தரவு? யாருக்கு அதிகம்? எப்போதிலிருந்து? நீங்கள் காரணம் என்று நினைப்பது என்ன?" என்று கேட்டு, சொல்வதை அவர்கள் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதுங்கள். மக்களே தங்கள் பகுதியின் வரைபடத்தைத் தரையில் வரைந்து, நீர் தேங்கும் இடம், வெளிச்சம் இல்லாத வழி, நோயாளிகள் உள்ள வீடுகள் என்று குறிப்பது நன்றாக வேலை செய்யும். வந்த கேள்விகளை வரிசைப்படுத்தும் வேலையையும் அவர்களிடமே விடுங்கள்.

உங்களுக்கு நீரிழிவு பற்றி ஆய்வு செய்ய நிதி இருக்கிறது, அவர்கள் கழிவுநீரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றால்? நேர்மையாகச் சொல்லுங்கள்: "இந்தப் பணத்தில் நீரிழிவைத்தான் பார்க்க முடியும். கழிவுநீர் விஷயத்தில் இந்த அளவுக்கு உதவ முடியும்." அதைக் கேட்டுவிட்டு அவர்கள் மறுத்தால், அந்த மறுப்பை ஏற்றுக்கொண்டு திரும்பி வாருங்கள். கசப்பாக இருக்கும். ஆனால் மறுக்க முடியாத இடத்தில் கொடுக்கும் சம்மதத்துக்கு மதிப்பே இல்லை.

ஷெரி ஆர்ன்ஸ்டீன் 1969-இல் பங்கேற்பை 8 படிகள் கொண்ட ஓர் ஏணியாக வரைந்தார். கீழ்ப்படி மக்களை ஏமாற்றி இழுப்பது, மேல்படி மக்கள் கையில் கட்டுப்பாடு. கருத்துக் கேட்பது நான்காம் படி, கூட்டு ஆறாம் படி. நாம் "கூட்டு ஆய்வு" என்று பெயர் வைப்பதில் பெரும்பகுதி நான்காம் படியிலேயே நின்றுவிடுகிறது என்பது என் கணிப்பு. எந்தப் படியில் இருக்கிறீர்கள் என்று உங்கள் குழு தனியாகவும், மக்கள் குழு தனியாகவும் எழுதிப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லையென்றால், அடுத்த கூட்டத்தில் முதலில் பேச வேண்டியது அதைத்தான்.

நான்காம் படி: பணத்தையும் பொறுப்பையும் எழுத்தில் வையுங்கள்

பணப் பேச்சு சங்கடம் என்று தள்ளிப் போடுவோம். தள்ளிப் போட்டால் பின்னால் சண்டையாக வரும். பட்ஜெட்டை முழுதாக, சம்பள வரிகள் உட்பட, மக்கள் குழுவிடம் காட்டுங்கள். கூட்டத்துக்கு வருபவரின் நேரத்துக்கு ஊதியம், பயணச் செலவு, குழந்தை பார்ப்பதற்கான ஏற்பாடு, மொழிபெயர்ப்பு, முடிவுகளைத் திருப்பிச் சொல்லும் செலவு ஆகிய ஐந்தும் பட்ஜெட்டில் தனி வரிகளாக இருக்க வேண்டும். நிறுவனத்தின் கணக்குப் பிரிவு ரசீது கேட்டு மாதக்கணக்கில் பணத்தை நிறுத்தி வைக்கும். கையில் காசு இல்லாதவர் தன் பணத்தைப் போட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது. முன்பணம் கொடுக்கும் வழியைத் தொடக்கத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

பாதிப்பு வந்தால் யார் பொறுப்பு என்பதையும் இதே கட்டத்தில் பேச வேண்டும். கம்போடியாவில் 2004-இல், எச்ஐவி தொற்றைத் தடுக்க டெனோஃபோவிர் மாத்திரை உதவுமா என்று பாலியல் தொழிலாளர்களிடம் சோதிக்கத் திட்டமிட்டார்கள். பக்க விளைவு வந்தால் நீண்டகால மருத்துவப் பாதுகாப்பு வேண்டும் என்று தொழிலாளர் சங்கம் கேட்டது. உடன்பாடு வரவில்லை, அரசு அந்த ஆய்வைத் தொடங்கும் முன்பே நிறுத்திவிட்டது. அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் 2007-இல் ஐக்கிய நாடுகளின் எய்ட்ஸ் அமைப்பும் எச்ஐவி தடுப்புக்காகக் குரல் கொடுக்கும் அவாக் என்ற அமைப்பும் சேர்ந்து, எச்ஐவி தடுப்பு ஆய்வுகளுக்கான நல்ல பங்கேற்பு நடைமுறை வழிகாட்டுதலை வெளியிட்டன. அந்தப் பெண்கள் கேட்டது நியாயமான கேள்வி. முன்கூட்டியே உட்கார்ந்து பேசியிருக்க வேண்டியது.

பேசி முடித்ததை இரண்டு பக்க உடன்படிக்கையாக, எல்லோருக்கும் புரியும் மொழியில் எழுதுங்கள். கருத்து வேறுபாடு வந்தால் எப்படித் தீர்ப்பது, யார் எப்போது விலகலாம் என்பதும் அதில் இருக்கட்டும்.

மேலாளரோ நெறிக்குழுவோ "இதெல்லாம் எதற்கு?" என்று கேட்டால், மருத்துவ அறிவியல் அமைப்புகளின் சர்வதேச மன்றமான சியோம்ஸ் 2016-இல் திருத்தி வெளியிட்ட ஆய்வு நெறிமுறைகளின் 7-ஆம் வழிகாட்டுதலைக் காட்டுங்கள். ஆய்வை வடிவமைக்கும் கட்டத்திலிருந்தே சமூகத்தை ஈடுபடுத்த வேண்டும் என்று அது சொல்கிறது.

ஐந்தாம் படி: ஒப்புதல் ஒரு நாள் கையெழுத்தோடு முடியாது

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவாசுபாய் பழங்குடியினர், தங்களிடையே பெருகிவந்த நீரிழிவுக்குக் காரணம் தெரியட்டும் என்று 1990-களில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு ரத்தம் கொடுத்தார்கள். அதே ரத்தம் மனச்சிதைவு நோய், உறவுக்குள் திருமணம், மக்கள் இடம்பெயர்ந்த வரலாறு போன்ற ஆய்வுகளுக்கும் பயன்பட்டது. 2003-இல் அந்தச் சமூகத்தைச் சேர்ந்த கார்லெட்டா டிலூசி, பல்கலைக்கழகத்தில் ஒரு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில் பார்வையாளராக உட்கார்ந்திருந்தபோதுதான் இது தெரிய வந்தது. வழக்குக்குப் பின் 2010-இல் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் கொடுத்து, மீதமிருந்த ரத்த மாதிரிகளையும் திருப்பித் தந்தது. இடம்பெயர்வு பற்றிய ஆய்வு, தாங்கள் அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் என்ற அவர்களுடைய நம்பிக்கையோடு நேரடியாக மோதியது.

ஒப்புதல் படிவத்தில் இருந்த சொற்கள் விரிவானவை, "நடத்தை மற்றும் மருத்துவக் குறைபாடுகள்" என்ற அளவில். மக்கள் புரிந்துகொண்டது நீரிழிவு மட்டும். அந்த இடைவெளியை மூடுவது ஆய்வாளரின் கடமை. படிவத்தை உரக்க வாசியுங்கள். பிறகு, "நான் சொன்னதை உங்கள் வீட்டில் இருப்பவரிடம் எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலில் தவறு இருந்தால், படிவத்தைத்தான் திருத்த வேண்டும். மாதிரிகளை வேறு எதற்காவது பயன்படுத்துவதாக இருந்தால் மீண்டும் வந்து கேட்க வேண்டும். அப்புறம், தனிநபருக்கு வரும் ஆபத்தை மட்டும் எண்ணாதீர்கள். ஒரு குடியிருப்புக்கே "நோய் உள்ள இடம்" என்ற பெயர் வந்தால், கையெழுத்துப் போடாதவர்களும் சேர்ந்துதான் பாதிக்கப்படுவார்கள்.

ஆறாம் படி: களத்தில் சேர்ந்து வேலை செய்யுங்கள்

ஒரு கேள்வித்தாளில் "வீட்டில் கழிப்பறை உள்ளதா?" என்று எழுதியிருந்தோம். பயிற்சிக்கு வந்த பெண்களில் ஒருவர் நிறுத்தினார். "இருக்குன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. கதவு இல்ல, ராத்திரி யாரும் போறதில்ல. அதை எங்க எழுதுறது?" அந்த ஒரு கேள்வி மூன்றானது: இருக்கிறதா, யாரெல்லாம் பயன்படுத்துகிறார்கள், எந்த நேரத்தில் பயன்படுத்த முடிவதில்லை. அவர் பேசாமல் இருந்திருந்தால், உண்மைக்கு நேர் எதிரான ஓர் எண்ணிக்கையை நாங்கள் அச்சிட்டிருப்போம். கேள்வித்தாளைச் சோதிக்கும்போது பதிலை மட்டும் பார்க்காமல், கேள்வியே சரியா என்று கேட்கும் நேரத்தையும் ஒதுக்குங்கள்.

மக்களிலிருந்து வரும் சக ஆய்வாளர்களுக்குப் பயிற்சி, ஊதியம், மன ஆதரவு மூன்றும் தேவை. அண்டை வீட்டின் துயரத்தைக் கேட்டுவிட்டு அவர் அதே தெருவில்தான் இரவு தூங்க வேண்டும்.

மக்களே பிரச்சினையைக் கண்டறிந்து தீர்வையும் வகுத்தால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு, ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் ஏக்ஜுட் என்ற அமைப்பு நடத்திய ஆய்வு நல்ல சான்று. 2010-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. உள்ளூர்ப் பெண் ஒருவர் வழிநடத்த, பெண்கள் மாதம்தோறும் கூடிக் கதை வழியாகவும் பட அட்டைகள் வழியாகவும் பிரசவகாலப் பிரச்சினைகளைப் பேசினார்கள். எதை முதலில் மாற்றுவது என்று அவர்களே முடிவு செய்தார்கள். மூன்று ஆண்டுகளில், பச்சிளங்குழந்தைகளின் இறப்பு விகிதம் மற்ற பகுதிகளைவிட 32 சதவீதம் குறைவாக இருந்தது.

ஏழாம் படி: தரவு யாருடையது?

கனடாவின் முதற்குடி மக்கள் 1998-இல் வகுத்த கோட்பாடு நான்கு சொற்களில் அடங்கும்: உடைமை, கட்டுப்பாடு, அணுக்கம், கைவசம். தங்கள் மக்களைப் பற்றிய தரவு தங்களுக்குச் சொந்தம், அதை எப்படிப் பயன்படுத்துவது என்பது தங்கள் முடிவு, எப்போது வேண்டுமானாலும் பார்க்க முடிய வேண்டும், அது தங்கள் கையிலேயே இருக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் சான் மக்களும் 2017-இல் ஆய்வாளர்களுக்கான நெறிமுறையைத் தாங்களே எழுதி வெளியிட்டார்கள். நீங்கள் வேலை செய்யும் இடத்தில் இப்படி ஒன்று இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். இல்லையென்றால், இந்த நான்கு சொற்களை வைத்துப் பேச்சைத் தொடங்கலாம்.

நடைமுறையில் ஒரு சிக்கல் வரும். பெயரை நீக்கிவிட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்று நினைப்போம். 40 வீடுகள் உள்ள இடத்தில் "காசநோய்: 2 பேர்" என்று எழுதினால் அந்த இருவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். சிறிய எண்களைச் சேர்த்து எழுதுங்கள், எதை எந்த அளவில் வெளியிடலாம் என்று மக்கள் குழுவிடம் கேளுங்கள்.

எட்டாம் படி: முடிவை முதலில் அவர்களிடம் சொல்லுங்கள்

இதழுக்கு அனுப்பும் முன், அட்டவணைகளை மக்கள் முன் வையுங்கள், அர்த்தம் எழுதுவதற்கு முன்பாகவே. ஒருமுறை, ஒரு பகுதியில் தடுப்பூசி போட்டவர்கள் குறைவாக இருந்ததற்கு "விழிப்புணர்வுக் குறைவு" என்று வரைவில் எழுதியிருந்தோம். கூட்டத்தில் ஒரு பெரியவர் சொன்னார்: "ஊசி போட வர்ற நாள்ல இங்க எல்லாரும் வேலைக்குப் போயிருப்பாங்க." கிழமையை மாற்ற வேண்டும் என்பதுதான் கண்டுபிடிப்பு. அன்றிலிருந்து "விழிப்புணர்வு இல்லை" என்ற சொல்லை எந்த வரைவில் பார்த்தாலும் நிறுத்தி விசாரிக்கிறேன். காரணத்தைத் தேடாமல் பழியை மக்கள் மேல் போட அது மிக வசதியான சொல்.

முடிவு அவர்களுக்குப் பிடிக்காததாக இருந்தால்? உண்மையை மாற்ற முடியாது. ஆனால் அதைச் சொல்லும் விதம், சூழலை விளக்குவது, வெளியிடும் நேரம் ஆகியவற்றைப் பேசி முடிவு செய்யலாம். கட்டுரையில் அவர்களின் மாற்றுக் கருத்துக்கு ஒரு பத்தி கொடுக்கலாம். ஆசிரியர் பட்டியலில் யார் பெயர் வரும் என்பதைத் தொடக்க உடன்படிக்கையிலேயே எழுதியிருந்தால் இந்தக் கட்டத்தில் மனஸ்தாபம் வராது.

வெளியேறும்போது

திட்டம் முடியும் தேதியை முதல் நாளிலேயே சொல்லிவிடுங்கள். முடிவதற்கு ஆறு மாதம் முன்பே, எது தொடரும், எது நிற்கும், யார் பொறுப்பு என்று பேசத் தொடங்குங்கள். பயிற்சி பெற்ற சக ஆய்வாளர்களுக்குச் சான்றிதழும் அடுத்த வேலைக்கான பரிந்துரைக் கடிதமும் கொடுங்கள். தரவின் ஒரு பிரதியை, படித்துப் பார்க்கும் வடிவில், அவர்கள் சொல்லும் இடத்தில் ஒப்படையுங்கள். வீட்டுக்கு ஒரு தாள் போகட்டும்: என்ன கேட்டோம், என்ன தெரிந்தது, யாரிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறோம், தொடர்புகொள்ள ஒரு தொலைபேசி எண். அடுத்து வரும் ஆய்வாளரிடம் வாசலில் நின்று கேட்கும்போது, காட்டுவதற்கு அந்தத் தாள் அவர்கள் கையில் இருக்கும்.